நிபந்தனை எண் ஏழு

கதவு என் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. நான் மூடவில்லை. மேலே ஒரு இரும்புக் கை பொருத்தியிருக்கிறார்கள். விட்டால் தானே மெல்ல வந்து, கடைசியில் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் போட்டு ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தாமதம் எனக்குச் சாதகம் என்றுதான் நினைத்தேன். ஒட்டுவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வர நேரம் இருக்கிறதே. ஏம்மா, கொஞ்சம் நில்லுங்க. மாரிக்கனி, ஒரு நிமிஷம். எத்தனை தடவை கேட்ட குரல் அது. சாத்தூர் லாரி ஷெட்டில், சிவகாசி அச்சாபீஸ் பின்கட்டில், கோவில்பட்டி கேரேஜில், கறுத்த கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே கூப்பிடுகிற ஆம்பிளைக் குரல். பழைய பேட்டரி வாங்க வந்து, விலை படியாமல் எழுந்தவளை மூன்றாவது எட்டுக்கு மேல் நடக்கவிட்ட ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. நாலாவது எட்டு வைத்தால் அவனுக்குத்தான் நஷ்டம். இங்கே நான் ஒன்பது எட்டு நடந்துவிட்டேன். எண்ணிக்கொண்டுதான் நடந்தேன். மேசையிலிருந்து கதவுக்கு ஐந்து, கதவிலிருந்து இந்தத் தண்ணீர் இயந்திரத்துக்கு நாலு. யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் குடிக்கிற மாதிரி நிற்கிறேன். காகிதக் குவளை கையில் இருக்கிறது, தண்ணீர் பிடித்தேனா என்று தெரியவில்லை, பார்த்தால் இல்லை. சுவரில் கடிகாரம் பன்னிரண்டு இருபது. தோளில் குத்திய அட்டையில் என் பெயரும் கீழே 'துணை உதவித்தொகை நேர்காணல்' என்றும் அச்சடித்திருக்கிறது. தேசிய அறிவியல் முகமை என்று மேலே வட்டமாய் ஒரு முத்திரை. மதுரையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே வந்து, கோயம்பேட்டில் பல் துலக்கி, சேலை மாற்றி, பத்து மணிக்கு இந்த வளாகத்துக்குள் நுழைந்தவள், பன்னிரண்டு இருபதுக்கு வெறும் குவளையோடு நிற்கிறேன். கூப்பிடுவார்கள். படித்தவர்கள், கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடுவார்கள்.

என்ன சொன்னேன் நான். ஒழுங்காக, நடந்த வரிசையில் நினைத்துப் பார். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், டாக்டர் வசுந்தரா, குட்டை முடி, கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் போட்டிருக்கிற அம்மா. செத்த பேட்டரியிலிருந்து உலை வைக்காமல், புகை இல்லாமல் ஈயத்தைத் திரும்ப எடுப்பதுதான் என் ஆராய்ச்சி. அதைப் பற்றி நாற்பது நிமிஷம் குடைந்தார்கள். சொன்னேன். நன்றாகவே சொன்னேன். எந்த பேட்டரியின் பிளேட் எத்தனை வருஷத்தில் மண்ணாகும் என்று கையால் தூக்கிப் பார்த்தே சொல்லுவேன் என்றதும் ஓரத்தில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். அப்புறம் அந்த அம்மா சொன்னார்கள், "குழு உங்களை முதல் இடத்துல வெச்சிருக்கு." முதல் இடம். இருப்பதே ஒரு இடம். பல்கலைக்கழகம் கொடுக்கிற உதவித்தொகைக்கு மேலே இவர்கள் ஒரு பங்கு போடுவார்கள், அதுகூடப் பெரிதில்லை, இவர்களுடைய ஆய்வகத்தில் மூன்று வருஷம் ஒரு மேசை, ஒரு வழிகாட்டி, எங்கள் பல்கலைக்கழகத்தில் நாலு மாசம் வரிசையில் நின்றாலும் கிடைக்காத எக்ஸ்ரே கருவி, வாரத்துக்கு இரண்டு நாள் எனக்கென்று. அது இல்லாமல் என் ஆராய்ச்சி வெறும் வாய்ப்பேச்சு. அதை என் வழிகாட்டியே சொல்லிவிட்டார், "இது கெடைக்கலைன்னா தலைப்பை மாத்திக்கோம்மா, வேற வழியில்ல." முதல் இடம் என்று சொன்னதும் எனக்குள் எதுவோ தளர்ந்து உட்கார்ந்தது. அங்கேதான் தப்பு ஆரம்பம். நான் தளர்ந்தால் என் வியாபாரப் புத்தி முழித்துக்கொள்ளும். தாடி வைத்த ஒருவர், நீலமேகம் என்று பலகையில் பெயர், நிபந்தனைகளை வாசித்தார். ஒன்று, இரண்டு, ஆறு வரை தலையாட்டினேன். "ஏழு. உதவித்தொகை பெறும் காலத்தில் மாணவர் வேறு எந்த வேலையிலோ வியாபாரத்திலோ ஈடுபடலாகாது." வாசித்துவிட்டு நிமிர்ந்து சிரித்தார். "அதாவதும்மா, அந்தப் பழைய இரும்பு யாவாரத்தை எல்லாம் மூட்டை கட்டிடணும்." பழைய இரும்பா. நாற்பது நிமிஷமாக ஈயம் ஈயம் என்று தொண்டை வற்றப் பேசியவளிடம் பழைய இரும்பா. சிரிப்பில் கெடுதல் இல்லை, இப்போது நினைத்தால் தெரிகிறது, வீட்டு மாமா மாதிரிச் சிரிப்பு. ஆனால் காது சூடாகிவிட்டது. "சனிக்கிழமை மட்டும் பாத்துக்கறேன் சார்," என்றேன். "இல்லம்மா, அது நிபந்தனை," என்றார். "அப்போ வேணாம் சார்," என்றேன். எழுந்தேன். பையை எடுத்தேன். நடந்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வார்த்தை கூடவும் இல்லை குறையவும் இல்லை.

ஆனால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே. சொன்னேன், ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் 'வேணாம்' என்றால் 'இன்னும் பேசு' என்று அர்த்தம், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த வித்தையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதினேழு வயதில், சாத்தூரில் ஒரு லாரி ஷெட் முதலாளி, எடை ஏறட்டும் என்று பேட்டரிக்குள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு என் முன்னால் யோக்கியன் மாதிரி நின்றான். கவிழ்த்துக் கொட்டிவிட்டு எடை போடுங்கள் என்றேன். "பொட்டப்புள்ள வந்து எனக்கு எடை போடச் சொல்லித் தர்றியா" என்றான். எனக்குக் கண் இருட்டியது. உன் பேட்டரியை நீயே வைத்து அழு என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்றைக்கு நிஜமான கோபம், நிஜமாகவே போகிறேன், காலையிலிருந்து சாப்பிடவில்லை, அந்த ஒரு சரக்குதான் அன்றைக்கு. மூன்றாவது எட்டில் கூப்பிட்டான். "ஏ, நில்லு தாயி." தண்ணீரைக் கொட்டினான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, கோபம் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில். அதற்கப்புறம் கோபம் வராத இடத்திலும் வரவழைத்துக்கொண்டு எழுந்தேன். பிறகு வரவழைக்கவே வேண்டியிருக்கவில்லை, எழுந்தாலே அது வரும். இன்றைக்கு எது முதலில் வந்தது, கோபமா, எழுந்ததா. மறுபடி நினைத்துப் பார். பழைய இரும்பு என்றார், காது சூடாயிற்று, சரி, கோபம்தான் முதலில். இல்லை, சனிக்கிழமை என்று கேட்டேனே, கோபக்காரி சனிக்கிழமை கேட்பாளா. அப்படியானால் வித்தை. வித்தை என்றால் யாருக்காக. இதைத்தான் தொடாமல் சுற்றி வருகிறேன். நான் கடையை மூடிவிட்டேன். போன மாசமே. நிபந்தனை ஏழு விளம்பரத்திலேயே இருந்தது, அச்சில், கொட்டை எழுத்தில். அதைப் படித்துவிட்டு, மூன்று நாள் யோசித்து, குடோன் சாவியை இடத்துச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, பெரிய தராசை ராஜபாளையத்துக்காரனுக்குத் தள்ளிவிட்டு, உரிமத்தை ஒப்படைத்து, அந்த ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இதோ இந்தப் பையில்தான் வைத்திருக்கிறேன். அவர்கள் கேட்கிறதைக் கொடுக்கத் தயாராய்த்தான் வந்தேன். ரசீதை எடுத்து மேசையில் வைத்திருந்தால் முடிந்தது. இல்லாத கடைக்குச் சனிக்கிழமை கேட்டிருக்கிறேன். இல்லாத கடைக்காக எழுந்து நடந்திருக்கிறேன். பைத்தியமா எனக்கு. அச்சடித்த விலை அடுத்தவர்களுக்கு, பேசுகிறவளுக்கு வேறு விலை என்று பத்தொன்பது வருஷமாய் இந்த உடம்புக்குள் ஊறியிருக்கிறது. அவர்கள் நிபந்தனை என்று சொன்னது என் காதில் முதல் விலை என்று விழுந்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. வாங்குகிறவள் எழுந்திருக்கலாம், விற்கிறவள் எழுந்திருக்கக் கூடாது என்பது நானே வகுத்த சட்டம். அந்த அறையில் நான் என்ன வாங்குகிறவளா.

"மேடம், நீங்கதானே மாரிக்கனி." திரும்பினேன். கூப்பிட்டுவிட்டார்கள். வந்துவிட்டது. உடம்பெல்லாம் லேசாகி, முகத்தை மட்டும் இறுக்கமாய் வைத்துக்கொண்டேன், கூப்பிட்டதும் சிரிக்கக் கூடாது, அது பழைய பாடம். பிரிவு அலுவலர் ஹேமலதா நின்றுகொண்டிருந்தார். காலையில் என் சான்றிதழ்களைச் சரிபார்த்தவர். ஜாதிச் சான்றிதழ் ஓரம் மடங்கியிருந்ததை நகத்தால் நீவி நேராக்கித் தந்தவர். கையில் ஒரு வெள்ளைத் தாள். "உக்காந்து எழுதுங்க, அவசரம் இல்ல," என்றார். "என்ன எழுதணும்?" "வேண்டாம்னு சொன்னீங்களாமே. அதை உங்க கையால ரெண்டு வரி. உதவித்தொகையை ஏற்க விருப்பமில்லை, சுயமா எடுத்த முடிவு, யாரும் வற்புறுத்தலை. அது வந்தாத்தான் அடுத்தவங்களைக் கூப்பிட முடியும். ஒரு மணிக்குக் குழு எழுந்துடுவாங்க." நான் வெறும் குவளையை வாயில் வைத்தேன். "என்ன மேடம், உடம்பு சரியில்லையா? தண்ணி தரட்டா?" "அவங்க வேற ஒண்ணும் சொல்லலியா?" "யாரு?" "உள்ள." "சொன்னாங்களே," என்றார் ஹேமலதா, "நல்லா எழுதற பேனாவா குடு, நாற்காலி போடுன்னாங்க." என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தாளையும் பேனாவையும் என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆசிட் தெறித்த சேலை அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. மடித்து வைக்கலாம், மறுநாள் கட்டலாம், சாயம்கூடப் போகாது. துவைக்கும்போதுதான், கசக்குகிற கைக்குள்ளேயே, பொத்துப் பொத்தென்று ஓட்டை விழும். அந்த ஓட்டை எனக்கு இப்போது கையில் வருகிறது. மரியாதையாய் நாற்காலி போட்டு என்னை அனுப்புகிறார்கள். திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன். அவர்கள் இரைந்திருந்தால் நானும் இரைந்து, அந்த இரைச்சலுக்குள் ஒரு வழி கிடைத்திருக்கும். அமைதியாய் இருக்கிற இடத்தில் எனக்கு வழி தெரியாது. தாளில் 'பெறுநர்' என்று எழுதிவிட்டேன். எப்போது எழுதினேன்.

பக்கத்து நாற்காலியில் ஒருத்தி இருந்தாள். காலையிலிருந்தே இருக்கிறாள், சாம்பல் நிறத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, மடியில் கோப்பு, அதன்மேல் இரண்டு கையும். வரிசையில் என்னோடு நிற்கும்போது பேசியிருந்தோம். ஷஹானா, வாணியம்பாடி, தோல் பதனிடுகிற கழிவுத் தண்ணீரில் ஆராய்ச்சி. "அக்கா, எப்படிப் போச்சு?" என்றாள். நான் அந்த நேரத்தில் மனுஷியாக இல்லை. வாய் தானாகச் சொன்னது, "வேணாம்னுட்டேன்." "என்னது?" "வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்." அவள் என்னையும் தாளையும் பார்த்தாள். "நிஜமாவா சொல்றீங்க?" நிஜமாவா. அதைத்தானே நானும் கால்மணியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், எனக்கே தெரிந்தால் உனக்குச் சொல்லமாட்டேனா. "ஏன்க்கா, முதல் இடம் உங்களுக்குன்னு பேசிக்கிட்டாங்களே." "நிபந்தனை ஒத்துவரல." அவள் துப்பட்டா ஓரத்தைச் சரிசெய்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "ரெண்டாவது இடத்துல நான் இருக்கேன்க்கா. எனக்குக் காலைலயே நேர்காணல் முடிஞ்சுது, கொஞ்சம் முன்னால ஹேமலதா மேடம் சொன்னாங்க, காத்திருக்கறதுன்னா காத்திருங்கன்னு. சும்மாத்தான் உக்காந்திருந்தேன், பஸ்ஸுக்கு நேரம் இருக்கேன்னு," என்றாள். கைபேசியை எடுத்து யாருக்கோ ஏதோ எழுதினாள். எழுதும்போது உதடு அசைந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். இப்போது நான் சொன்னது இரண்டு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, அந்த அறையில் ஒன்று, வாணியம்பாடியில் ஒரு வீட்டில் ஒன்று. சந்தையில் சொன்ன வார்த்தைக்கு ஆயுசு கிடையாது, டீ ஆறுவதற்குள் மாற்றிக்கொள்ளலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், மாற்றாவிட்டால்தான் இவளுக்கு என்ன கோளாறு என்பார்கள். அந்தச் சந்தையிலிருந்து தப்பிக்கத்தானே பத்தாவது தனித்தேர்வு எழுதினேன். பேட்டரி மூடியின்மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு வேதியியல் படித்தேன், அதன் பக்கங்கள் எல்லாம் ஓரம் பழுப்பேறி, தொட்டால் உதிரும். ஒரு சமன்பாட்டை நான் முதல்முதலாய் முழுசாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு எதற்கு அத்தனை அழுகை வந்தது என்று ரொம்ப நாள் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. இந்தப் பக்கம் இவ்வளவு என்றால் அந்தப் பக்கமும் இவ்வளவு. கத்தினாலும் மாறாது, எழுந்து போனாலும் மாறாது. அதை விரும்பித்தான் வந்தேன். வந்த இடத்தில் அதன் முகத்தைப் பார்த்துச் 'சனிக்கிழமை' என்றிருக்கிறேன்.

பன்னிரண்டு நாற்பது. தாளில் 'ஐயா அல்லது அம்மையீர்' வரைக்கும் வந்திருக்கிறது. எழுதிக் கொடுக்காதவரை முடியவில்லை என்று ஒரு மூலையில் ஏதோ சொல்கிறது. அதுதானே ஹேமலதா சொன்னார், அது வந்தால்தான் அடுத்தவரைக் கூப்பிடமுடியும் என்று. அப்படியானால் என் கையில் இன்னும் ஒரு துருப்பு இருக்கிறது, எழுதாமல் இழுக்கலாம், ஒரு மணி ஆகட்டும், அவர்கள் தவிக்கட்டும், அவர்களே வெளியே வந்து, பார், பார், மறுபடி அதே புத்தி, வெட்கமே கிடையாதா உனக்கு. திரும்பிப் போகலாம். திரும்பிப் போனவள் கதை எனக்குத் தெரியும். நடந்துவிட்டுத் தானாகத் திரும்புகிறவளுக்கு விற்கிறவன் முதலில் சொன்னதைவிடக் கூட்டிச் சொல்லுவான், சுற்றி நிற்கிறவன் எல்லாம் பல்லைக் காட்டுவான், அடுத்த தடவை எழுந்தால் ஒருத்தனும் கூப்பிடமாட்டான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் திரும்பினதில்லை. தீபாவளிக்கு முதல்நாள் வெறும் வண்டியோடு அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் வரைக்கும் மிதித்தேன், திரும்பவில்லை. பெருமையா அது. தெரியவில்லை. எழுந்தேன். "எங்கக்கா?" என்றாள் ஷஹானா. சொல்லாமல் போயிருக்கலாம். "நான் திரும்பக் கேக்கப் போறேன்," என்றேன், "வேணும்னு." அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள், அவ்வளவுதான். "வீட்டுல சொல்லிட்டேனே," என்றாள், என்னிடம் இல்லை, கோப்பிடம். கதவு தள்ளுவதற்கு நான் நினைத்ததைவிடக் கனமாயிருந்தது. ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள். ஒருவர் பிஸ்கெட்டைப் பாதியில் நிறுத்தினார். யாரும் பல்லைக் காட்டவில்லை. "எழுதிட்டீங்களா?" என்றார் டாக்டர் வசுந்தரா. "இல்ல மேடம். எனக்கு வேணும். கடைய ஏற்கனவே மூடிட்டேன். ரசீது இருக்கு." பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தேன். நீலமேகம் அதை எடுத்துப் பார்த்து, தேதியைப் பார்த்து, என்னைப் பார்த்தார். "போன மாசமேவா? அப்புறம் எதுக்கும்மா சனிக்கிழமை கேட்டீங்க?" "பழக்கம் சார்." "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" "பழைய இரும்புன்னீங்க. அது ஈயம்." அவர் தாடிக்குள் முகம் சுருங்கியது. "ஆமா," என்றார், "ஆமா, தப்புதான்." இப்படியும் ஒருவர் தப்பு என்று சொல்லுவாரா, இதை எங்கே வைத்துக்கொள்ள. டாக்டர் வசுந்தரா கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க வெளிய போனதும் கூப்பிடலாம்னு ரெண்டு பேர் சொன்னாங்க மாரிக்கனி. நீலமேகம் நாற்காலியை விட்டே எழுந்துட்டார். நான்தான் வேணாம்னேன். முப்பத்தாறு வயசுல, இவ்வளவு தூரம் தானா வந்த ஒருத்தங்க, நிபந்தனையைக் கேட்டுட்டு வேணாம்னு சொல்றாங்க. பின்னாலேயே ஓடிப் போய்க் கூப்பிட்டா, அவங்க சொன்னதை நான் நம்பலைன்னு ஆகும். அது மரியாதை இல்ல."

என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், எடையில் அடித்திருக்கிறார்கள், ஒருத்தன் கன்னத்திலேயே அடித்திருக்கிறான், அதற்கெல்லாம் நான் நின்றிருக்கிறேன். இதற்கு நிற்க முடியவில்லை. நான் சொன்னதை நம்பியிருக்கிறார்கள். ஒரு தடவை சொன்னதும், அப்படியே, கவிழ்த்துக் கொட்டிப் பார்க்காமல். முப்பத்தாறு வருஷத்தில் முதல்முதலாக ஒருத்தர் என் வார்த்தையை அது எவ்வளவோ அவ்வளவுக்கே எடுத்துக்கொண்டார், அன்றைக்குப் பார்த்து நான் பொய் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தார். மறுத்ததாகக் குறிப்பில் ஏறிவிட்டது, கையெழுத்து வரவில்லை என்பதால் என்னை அடியோடு நீக்கவில்லை, மறுபடி சேர்க்க விதி இருக்கிறது, ஆனால் கடைசியில்தான். "இப்போ இடம் ஷஹானாவுக்கு. அவங்களும் மறுத்தா உங்களுக்கு. புரியுதா?" புரிந்தது. புரிகிற அதே நேரத்தில் நாக்கு பாதிப் பாதி என்று ஆரம்பிக்கப் பார்த்தது, ஆளுக்கு ஒன்றரை வருஷம், கருவி ஆளுக்கு ஒரு நாள், நல்ல யோசனைகூட, பல்லால் கடித்து உள்ளேயே வைத்தேன். ரத்தம் உப்புக் கரித்தது. தலையாட்டினேன். "வெளிய காத்திருக்கலாமா மேடம்?" "தாராளமா." நான் கையோடு கொண்டுபோயிருந்த பாதி எழுதிய தாளை நீலமேகம் கையை நீட்டி வாங்கி, மடித்து, தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே ஹேமலதா ஷஹானாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுவாங்க, ரெடியா இருங்க." ஷஹானா என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். என்ன ஆயிற்று என்று கேட்கக்கூடப் பயம். "உனக்குத்தான்," என்றேன், "நான் உனக்குப் பின்னால." அவள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஐஸ் மாதிரிக் கை. "இப்ப உள்ள என்ன கேப்பாங்கக்கா? வேலைய விடச் சொல்வாங்களா? எங்க ஊர் பெண்கள் கல்லூரில பகுதி நேரமா வகுப்பு எடுக்கறேன். மூணு வருஷமா. அந்தப் புள்ளைங்கள விட மனசே இல்ல. சனிக்கிழமை மட்டுமாவது போய்க்கறேன்னு கேட்டுப் பாக்கவா? நீங்க பேசத் தெரிஞ்சவங்க, சொல்லுங்க, கொஞ்சம் பிடிவாதமா கேட்டா விட்டுக் கொடுப்பாங்கல்ல?" கேளு. ஒரு வார்த்தைதான். கேட்டுப் பாரு, சும்மா எழுந்திருக்கிற மாதிரிக் காட்டு, கூப்பிடுவாங்க. அதைச் சொல்ல எனக்கு மெனக்கெடக்கூட வேண்டியதில்லை, பத்தொன்பது வருஷமாய் உருட்டி வைத்த வார்த்தை, நாக்கு நுனியில் இருக்கிறது. பொய்யும் இல்லையே, என் ஊரில் அது உண்மைதானே. அவள் கேட்பாள், அந்த அம்மா அவளையும் மரியாதையாய் நம்புவார், அவளுக்கும் ஒரு தாள், ஒரு பேனா, ஒரு நாற்காலி. அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் அந்தக் கருவி. அதன் கதவைத் திறந்தால் உள்ளே பச்சை விளக்கு எரியும் என்று படத்தில் பார்த்திருக்கிறேன். என் ஈயம் அதற்குள் போய் உட்காரும். "அக்கா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இவள்மேல், இந்தக் குளிர்ந்த கைமேல், இப்படியா எதிராளியிடமே போய் வழி கேட்பது, இதை எல்லாம் யார் ஆராய்ச்சி பண்ண அனுப்பினது. "அறிவிருக்கா உனக்கு," என்றேன். "ஏழாவது நிபந்தனைய வாசிப்பாங்க. சரின்னு சொல்லு. சனியும் கிடையாது ஞாயிறும் கிடையாது, வாயத் திறந்து வேற எதுவும் கேக்காத. அவங்க சொன்னா சொன்னதுதான். நீ சொன்னாலும் சொன்னதுதான். விளங்குதா." அவள் மிரண்டு போய்த் தலையை ஆட்டினாள். "வேலைய விட முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, உள்ள போய் நடிக்காத." "விட்டுடுவேன்க்கா," என்றாள், "அழுவேன், ஆனா விட்டுடுவேன்." உள்ளே போயிருந்த ஹேமலதா கதவைத் திறந்து கூப்பிட்டார். ஷஹானா உள்ளே போனாள். கதவு அவளுக்குப் பின்னால் மெதுவாக வந்தது. நான் காலை நீட்டினேன், செருப்பு நுனி இடுக்கில் மாட்டி, ஒரு விரல்கடை திறந்தே நின்றது. ஒட்டுக் கேட்பது தப்புதான். நீலமேகம் வாசிக்கிறார். மூன்று. நான்கு. அவள் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது, ஆனா சார், என்று ஒரே ஒரு தடவை, அவளுக்குப் பழக்கமில்லாத வாயால், தவறிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று. சொல்லிவிடாதே என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே எடையில் இருக்கிறது, எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆறு. ஏழு. வாசித்து முடித்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்த இடைவெளியில் நான் பத்துத் தடவை எழுந்து நடந்திருப்பேன். "சரி சார்," என்றாள் ஷஹானா. அவ்வளவுதான். அதற்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை.